சாவியை வாங்குமுன் வேனைச் சுற்றிப் பாருங்கள்

கல்யாணம், பெருநாள் பயணம், உம்ரா சென்றவர்களைக் கட்டுநாயக்காவிலிருந்து அழைத்து வருதல் என்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது வேன் தேவைப்படாத குடும்பம் நம்மிடையே குறைவு. முன்பெல்லாம் சாரதியோடு ஹயருக்குப் பேசுவோம். இப்போது வேனை மட்டும் நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டுப் பிள்ளைகளே ஓட்டிச் செல்கிறார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் சாரதியோடு வந்த வேனில் கீறல் விழுந்தால் அது அவர் பாடு. நாமே ஓட்டிச் செல்லும் வேனில் என்றால், முன்பே விழுந்திருந்த கீறலும் நம் பாடாகிவிடக் கூடும்.

என் சாச்சாவின் மகன் 50,000 ரூபா வைப்புப் பணம் கட்டி, நுவரெலியா போக ஒரு வேன் எடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது பின்பக்க பம்பரில் வெடிப்பு இருப்பதாகச் சொல்லி 35,000 ரூபாவைப் பிடித்துக்கொண்டார்கள். பேசித் தீர்க்க என்னை அழைத்துப் போனார். உரிமையாளர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வேன் வாரத்துக்கு மூன்று கை மாறுகிறது. எந்தக் கையில் வெடித்தது என்று அவருக்கே தெரியாது. இரு தரப்பிடமும் ஒரு புகைப்படம்கூட இல்லாததால், பணத்தைக் கையில் வைத்திருந்தவர் சொன்னதே முடிவாயிற்று.

ஆகவே பகல் வெளிச்சத்தில் வேனைப் பொறுப்பேற்பதே நல்லது. கையடக்கத் தொலைபேசியில் நான்கு பக்கமும் நடந்தபடி வீடியோ எடுங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, பக்கக் கண்ணாடிகள், முன் கண்ணாடியிலுள்ள சிறு கல்லடி, ஆசனத் துணியின் கிழிசல், கிலோமீற்றர் மானி, எரிபொருள் முள் எல்லாம் அதில் வரட்டும். கண்ட குறைகளை உடன்படிக்கையிலேயே எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். “அதெல்லாம் பரவாயில்லை நானா” என்று சொல்வார்கள். பரவாயில்லை என்றால் எழுதுவதிலும் பரவாயில்லைதானே!

வெளித்தோற்றத்தை விட உயிர் பெரிது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களே மாறி மாறி உழைத்தன. ‘டொல்பின்’ என்று நாம் அழைக்கும் ஹையேஸ் இன்றும் வாடகைக்கு ஓடுகிறது. அதன் இன்ஜின் முன் ஆசனத்தின் அடியில் இருப்பதால் பலர் திறந்தே பார்ப்பதில்லை. ஆசனத்தைத் தூக்கி, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஒயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாத டயரும் வயதானால் வெடிக்கும். உதிரிச் சில்லில் காற்று உண்டா, ஜெக்கும் ஸ்பேனரும் உண்டா என்பதையும் பாருங்கள்.

பிரேக்கைச் சோதிப்பது இலகு. இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலைப் பல தடவை மிதித்தால் அது இறுகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் கால் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் சரியில்லை. தொடர்ந்து அழுத்தி வைத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கலாம். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் அதை அறிந்துகொள்ள எவரும் விரும்பமாட்டார்.

இனி பத்திரங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகவில்லை என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. காப்புறுதிப் பத்திரத்தில் வாகனத்தின் பாவனை எதுவென்று வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்டிருந்த வேளையில் நேர்ந்த சேதத்துக்குப் பொதுவாக ஈடு தராது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருந்தால் அந்த வேனுக்கு நேரும் சேதம் முழுவதும் உங்கள் தலையில்தான். ஈடு கிடைத்தாலும் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, வேன் கராஜில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்பார்களா என்பவை ஒப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு அந்த வேனின் ஆசனத் தொகைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். லீசிங் தவணை நிலுவையிலுள்ள வாகனமென்றால் நடுவழியில் பறிமுதலாகவும் கூடும். அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

உடன்படிக்கை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து விளங்காவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகத்துக்கு எவ்வளவு என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உரிமையாளரோடு மீண்டும் ஒரு சுற்று நடந்து, “குறையில்லை” என்று எழுதி வாங்கி, வைப்புப் பணத்தை அங்கேயே எண்ணிப் பெற்றுக்கொள்ளுங்கள்.