ஹெட்போன் கேபிளும் ஒலியின் தரமும்

ஹெட்போனுடன் கிடைக்கும் சாதாரண கேபிளை அகற்றிவிட்டு வெள்ளிக் கம்பியாலான விசேட கேபிளைப் பொருத்தினால் இசை மேலும் துல்லியமாக ஒலிக்கும் என்ற விளம்பரங்கள் இணைய வர்த்தகத்தில் மலிந்து காணப்படுகின்றன. ஹெட்போனின் விலையையே விஞ்சும் கேபிள்களும் விற்பனைக்கு உள்ளன. மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஹெட்போன் வாங்கிய ஒருவர் மீண்டும் ஒருமுறை பணத்தைக் கொட்டுவதற்கு முன்னர், இக்கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை ஆராய்வது அவசியமென நாம் கருதுகின்றோம்.

செம்பைவிட வெள்ளி மின்னை இலகுவாகக் கடத்தும் என்பது மறுக்க முடியாதது. ஆனால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 6 சதவீதம் மாத்திரமே. செப்புக் கம்பியைச் சற்றுத் தடிப்பாக்கினாலே அது ஈடுசெய்யப்பட்டுவிடும். 32 ஓம் ஹெட்போன் ஒன்றுக்கு அரை ஓம் தடையுள்ள கேபிள் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதற்குப் பதிலாகத் தடையே இல்லாத கேபிளை, அப்படியொன்று இருக்குமாயின், பொருத்தினாலும் ஒலி அதிகரிப்பது சுமார் 0.13 டெசிபல் அளவே. ஒலியைக் கூட்டும் குமிழைச் சிறிது திருப்பினால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். 300 ஓம் ஹெட்போனிலோ இவ்வேறுபாடு மேலும் சுருங்கிவிடுகின்றது.

விதிவிலக்கு இல்லாமலில்லை. காதினுள் செருகும் சில கருவிகளின் தடை மீடிறனுக்கேற்ப ஏறி இறங்கும். சில மீடிறன்களில் 10 ஓமிலும் குறையும். அங்கு கேபிளின் தடை கூடுதலாக இருப்பின் தொனி சற்று மாறவே செய்யும். இடது, வலது பக்கங்கள் இரண்டுக்கும் மின் திரும்பும் கம்பி ஒன்றாகவே இருக்கும்போது ஒரு பக்க ஒலி மறுபக்கத்தில் சிறிது கலப்பதும் உண்டு. எனினும் இவற்றைச் சீர்செய்ய வெள்ளி தேவையில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட மலிவான செப்புக் கேபிளே போதுமானது.

அவ்வாறாயின் வேறுபாடு கேட்கின்றது என்று பலரும் சத்தியம் செய்வது ஏன்? அவர்கள் பொய்யுரைப்பதாக நாம் கூறவில்லை. கேபிளை மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் செல்கின்றன. அதற்கிடையில் முன்னர் கேட்ட ஒலியின் நுண்மை நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது. சற்றே உரத்த ஒலி தரமான ஒலியாகத் தோன்றுவதும் செவியின் இயல்பு. கொடுத்த விலையும் மனதில் நிற்கின்றது.

2007 ஆம் ஆண்டு 7,250 டொலர் விலை குறிக்கப்பட்ட ஒலிபெருக்கிக் கேபிள் ஒன்றை, எது பொருத்தப்பட்டுள்ளது எனப் பார்க்காமல், கேட்டு மட்டும் விலை குறைந்த கேபிளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுபவருக்குப் பத்து இலட்சம் டொலர் வழங்குவதாக அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி சவால் விடுத்தார். அச்சோதனை நடைபெறவேயில்லை. நடைபெறாத சோதனை எதனையும் நிரூபிக்காது என்பது உண்மையே. ஆயினும் இத்தகைய கூற்றுகளை எவ்வாறு பரீட்சிக்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

கேபிளை மாற்றவே கூடாதென்பதல்ல எமது கருத்து. செருகியின் அருகே கம்பி அறுந்து கரகரப்பு எழலாம், ஆடையில் உராயும் சத்தம் காதில் ஏறலாம், நீளம் போதாமலிருக்கலாம். இவை மெய்யான குறைகள். கரகரப்புக்குப் புதிய செருகியைப் பற்றாசு பிடித்துப் பொருத்துவதே பெரும்பாலும் போதும். எஞ்சும் பணத்தை இன்னும் தரமான ஹெட்போனுக்கென ஒதுக்கிவைத்தால், அந்த வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம்.