தார்க்குச்சியில் பிறந்த "சென்டர்"!

மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குக் கிழக்கே, வண்டியூரில் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. நீளம் சுமார் 1,000 அடி. அகலம் சுமார் 950 அடி.

குளத்தின் நட்ட நடுவில் ஒரு மண்டபம் நிற்கிறது. "மைய மண்டபம்" என்று பெயர். தை மாதத் தெப்பத் திருவிழாவில் அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் ஏறி, இந்த மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நின்று பக்தர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். தெப்பம் சுற்றும். மண்டபம் அசையாது.

சுற்றுவதற்கு நடுவே அசையாமல் நிற்பதுதான் மையம். அதைத்தான் ஆங்கிலத்தில் "சென்டர்" என்கிறார்கள். ஜெராக்ஸ் சென்டர், டியூஷன் சென்டர், சர்வீஸ் சென்டர் என்று தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. இந்தச் சொல் எங்கே பிறந்தது தெரியுமா?

மாடு ஓட்டும் உழவர் கையில்!

மாட்டைக் குத்தும் முனை

கிரேக்க மொழியில் "கென்ட்ரான்" என்று ஒரு சொல் உண்டு. "குத்தும் முனை" என்று பொருள். மாடு ஓட்டும் கோலுக்கும் அதுவே பெயர். நம் ஊர் வண்டிக்காரர் வைத்திருந்தாரே, நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சி, அதேதான்!

குத்தும் முனை எப்படி நடு ஆயிற்று?

பிள்ளைகள் வட்டம் போடும் காம்பஸை நினைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு கால்கள். கூரான கால் காகிதத்தில் குத்தி நிற்கும். மற்றக் கால் சுற்றி வந்து கோடு போடும். கூரான கால் குத்திய இடமே வட்டத்தின் நடு. அதனால் அந்த இடத்துக்கும் "கென்ட்ரான்" என்றே பெயர் வந்தது. கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த கணித மேதை யூக்ளிட் இந்தச் சொல்லைத்தான் எழுதினார்.

லத்தீன் மொழியில் அது "சென்ட்ரம்" ஆயிற்று. அங்கிருந்து பிரெஞ்சு மொழிக்குப் போய், 14-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. இன்று இதன் கடைசி இரண்டு எழுத்துக்களை இங்கிலாந்தில் "ஆர், இ" என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் "இ, ஆர்" என்று மாற்றி எழுதுகிறார்கள். பலகையில் எப்படி இருந்தாலும் பொருள் ஒன்றே.

முன்பே வந்த விருந்தாளி

ஆனால், இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. ஜாதகம் பார்க்கும் ஜோசியர் 1, 4, 7, 10-ம் வீடுகளைக் "கேந்திரம்" என்பார். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரம் இருக்கிறது. இந்தக் "கேந்திர"மும் அதே "கென்ட்ரான்"தான்! கிரேக்கரின் வான நூலிலிருந்து வடமொழிக்கு வந்து, அதன் வழியே தமிழுக்கு வந்தது.

ஆக, ஒரே சொல் நம் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. முதலில் கிரகங்களோடு வந்தது. பிறகு ஆங்கிலத்தோடு வந்தது.

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறவர்கள் "இது இங்கிலீஷ் வார்த்தை, நமக்கு எங்கே புரியும்?" என்று ஒதுங்க வேண்டாம். பெரிய படிப்பாளிகளின் வாயில் புகுவதற்கு முன்பே, வயல்வெளியில் புழங்கிய சொல் இது.

பேரன் காம்பஸை எடுத்து வட்டம் போடும்போது தாத்தா இந்தக் கதையைச் சொல்லலாம். அவர் பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தால் என்ன? தார்க்குச்சி பிடித்த கை அவருடையது!