வியர்க்கவே இல்லையேன்னு நம்பிடாதீங்க... குளிர்காலப் பாலைவன மாரத்தான் உடம்பை ஏமாற்றுவது இப்படித்தான்!

பாலைவனத்தில் மாரத்தான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுட்டெரிக்கும் வெயில், கால் புதையும் மணல், தூரத்தில் ஓர் ஒட்டகம். ஆனா, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் அப்பாச்சி ஜங்ஷன் என்ற சின்ன ஊரில் ஓடியவர்களைக் கேட்டால், முதலில் குளிரைப் பற்றித்தான் சொல்வார்கள். அடுத்ததாக, நெருப்பைப் பற்றி.

ஃபீனிக்ஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், சொனோரன் பாலைவனத்தில் இருக்கிறது இந்த ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 40,000-கூட இல்லை. 'லாஸ்ட் டச்சுமேன் மாரத்தான்' என்ற பெயரில், 2000-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பிப்ரவரி மாத ஓட்டம் ஆரம்பமானது. 'தொலைந்துபோன டச்சுக்காரர்' என்று அர்த்தம். யார் அவர்? 1891-ல் இறந்துபோன ஜேக்கப் வால்ட்ஸ் என்பவர். உண்மையில் அவர் டச்சுக்காரரே இல்லை, ஜெர்மானியர். ஊருக்குப் பின்னால் நிற்கும் சூப்பர்ஸ்டிஷன் மலையில் அவர் ஒரு தங்கச் சுரங்கத்தைக் கண்டுபிடித்ததாகவும், அந்த ரகசியம் அவரோடு போய்விட்டதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. அதை நம்பி மலைக்குள் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. 1931 ஜூன் மாதம், கொளுத்தும் கோடையில் போன அடால்ஃப் ரூத் என்பவரின் எலும்புகள்தான் பல மாதங்கள் கழித்துக் கிடைத்தன.

கோடையில் இங்கே 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். அதனால்தான் ஓட்டத்துக்குக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'அப்போ பிப்ரவரியில் ஜாலியா ஓடலாமே'ன்னு தோணுதா? அங்கதான் விஷயமே இருக்கு. கோடைப் பாலைவனம் 'நான் ஆபத்து' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். குளிர்காலப் பாலைவனம் சொல்லாது. நம் உடம்பு வழக்கமாகக் கொடுக்கும் சிக்னல்களையே அது மாற்றிவிடும். எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

குளிர் காயும் ஓட்டக்காரர்கள்

விடிவதற்கு முன்பே பஸ்ஸில் ஏற்றி, மலையடிவாரத்தில் இருக்கும் பெரால்டா என்ற இடத்துக்கு ஓட்டக்காரர்களைக் கொண்டுபோய் விடுவார்கள். சுற்றிலும் இருட்டு, கள்ளிச் செடிகள், நடுநடுவே எரியும் நெருப்பு. அதைச் சுற்றி நின்று குளிர் காய்வதுதான் இந்த ஓட்டத்தின் அடையாளமே. மார்கழியில் நம்ம ஊர்த் தெருமுனையில் டயரைக் கொளுத்திச் சுற்றி நிற்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் காட்சிதான். ஆனா, இங்கே நிற்பவர்கள் எல்லோரும் ஷார்ட்ஸில் இருப்பார்கள்!

பாலைவனம் எப்படி இவ்வளவு குளிரும்? காரணம் ஈரப்பதம், அதாவது அது இல்லாதது. பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேறும். காற்றில் நீராவியும் வானத்தில் மேகமும் இருந்தால், போர்வை மாதிரி அந்த வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சென்னையில் நள்ளிரவிலும் புழுங்குவது அதனால்தான். பாலைவனத்தில் அந்தப் போர்வை கிடையாது. அதனால் பிப்ரவரி அதிகாலையில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதே நாள் மதியம் 20 டிகிரியைத் தாண்டும்.

ஒரே ஓட்டத்தில் இரண்டு பருவங்கள். நெருப்பருகே நிற்கும்போது தேவைப்பட்ட ஜாக்கெட், பத்தாவது கிலோமீட்டரில் சுமையாகிவிடும். அனுபவசாலிகள் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, உடம்பு சூடானதும் கழற்றிவிடுவார்கள். நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போ கதகதப்பா இருந்தா, ஓடும்போது வேகும் என்பதுதான் கணக்கு.

வியர்வை எங்கே போச்சு?

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு 5 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். டி-ஷர்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். 'இன்னிக்கு செம வொர்க் அவுட்'னு ஒரு செல்ஃபியும் எடுப்போம். ஆனால், சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்புக்கு எந்தப் பயனும் இல்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால், ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் சென்னையில், வியர்வை ஆவியாக வழியில்லாமல் வழிகிறது.

பாலைவனத்தில் இது தலைகீழ். தோலுக்கு வந்த வேகத்திலேயே வியர்வை காய்ந்துவிடும். டி-ஷர்ட் நனையாது, முகம் பிசுபிசுக்காது. 'நமக்கு வியர்க்கவே இல்லையே' என்று நினைத்துக்கொண்டே ஓடுவீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நெற்றியைத் தடவினால், கையில் நறநறவென்று உப்பு. கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தால், வெள்ளையாக வரைபடமே போட்டிருக்கும். அவ்வளவு வியர்வையும் போயிருக்கிறது. நீங்கள்தான் பார்க்கவில்லை.

மூச்சிலும் தண்ணீர் போகும். உள்ளே போகும் வறண்ட காற்றை நுரையீரல் ஈரமாக்கித்தான் வெளியே அனுப்பும். குளிர்ந்த அதிகாலையில் வாயிலிருந்து புகை மாதிரி வருகிறதே, அது உங்கள் உடம்பின் தண்ணீர்தான். உதடு வெடிப்பது, தொண்டை கரகரப்பது, சிலருக்கு மூக்கில் ரத்தம் எட்டிப் பார்ப்பது எல்லாம் இதனால்தான்.

தாகம் லேட்டாத்தான் வரும்

சரி, தண்ணீர் குறைந்தால் தாகம் எடுக்குமே? எடுக்கும். ஆனால், குளிரில் கொஞ்சம் தாமதமாக. குளிரும்போது தோலுக்கு அருகே இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வரும். 'உள்ளே போதுமான அளவு இருக்கிறது' என்று உடம்பு தப்பாகப் புரிந்துகொள்ளும். தாகம் மட்டுப்படும். கூடவே, 'அதிகமா இருக்கறதை வெளியே தள்ளு' என்று சிறுநீரகத்துக்கும் உத்தரவு போகும். குளிர்கால ஓட்டங்களில் ஸ்டார்ட்டிங் பாயின்ட்டை விட டாய்லெட் க்யூ நீளமாக இருப்பதற்குப் பதற்றம் மட்டும் காரணமில்லை பாஸ்!

அதுக்காக குடிச்சுக்கிட்டே இருக்கலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

'பாலைவனம்' என்ற வார்த்தையே பயமுறுத்தும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று இரண்டு மூன்று கப் குடிப்பவர்கள் உண்டு. உடம்பால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தால், ரத்தத்தில் சோடியத்தின் அளவு நீர்த்துப்போகும். இதற்கு ஹைப்போநட்ரீமியா என்று பெயர். முற்றினால் மூளை வீங்கும், உயிரே போகும்.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தை ஓட்டம் முடிந்த கையோடு பரிசோதித்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைவாக இருந்தது தெரியவந்தது. அதே ஓட்டத்தில் கலந்துகொண்ட 28 வயதுப் பெண் ஒருவர் இந்தப் பிரச்னையால் இறந்தும்போனார். ஆய்வில் முக்கியக் காரணமாகத் தெரிந்தது, ஓடும்போதே உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தது. 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆபத்து அதிகம். அதாவது, நம்மைப் போல மெதுவாக ஓடுபவர்களுக்கு. ஒவ்வொரு பந்தலிலும் நின்று நிதானமாகக் குடிக்க அவர்களுக்குத்தானே நேரம் இருக்கிறது?

இதில் இன்னொரு சிக்கல் இருக்கு. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவை தண்ணீர் குறைந்தாலும் வரும், கூடினாலும் வரும். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய், 'இந்தா, தண்ணி குடி' என்று பாட்டிலை நீட்டுவார். பிரச்னை இரண்டாவது வகை என்றால், அந்த அக்கறையே ஆபத்து. விரல்களும் மணிக்கட்டும் வீங்கி, வாட்ச் ஸ்ட்ராப் இறுக்கினால் உஷாராகுங்கள். குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அதோ தெரியுதே மலை!

தண்ணீரை விடுங்கள், கண்ணையே நம்ப முடியாது. நம் ஊரில் தூரத்து மலை மங்கலாக, நீலமாகத் தெரியும். காற்றில் இருக்கும் ஈரமும் தூசும்தான் காரணம். 'மங்கலா இருந்தா தூரம்' என்று நம் மூளை பழகிவைத்திருக்கிறது. பாலைவனத்துச் சுத்தமான வறண்ட காற்றில், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையின் மடிப்புகூடத் தெளிவாகத் தெரியும். அளந்து பார்க்க நடுவில் மரமோ கட்டடமோ கிடையாது. அரை மணி நேரம் ஓடிய பிறகும் அதே மலை அதே இடத்தில் நிற்கும். 'நான் ஓடுறேனா, இல்ல ட்ரெட்மில்லில் நிக்கிறேனா' என்று சலிப்பு வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

காலும் ஏமாறும். பெரால்டாவிலிருந்து ஊரை நோக்கி வரும் மண் சாலை முதல் 10 கிலோமீட்டர் போல இறக்கம். குளிர், புத்துணர்ச்சி, இறங்கும் பாதை எல்லாம் சேர்ந்து, வாட்ச்சில் வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். ஆனால், இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பிரேக் போடுகின்றன. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இப்போதுதான். மூச்சு வாங்காததால் இது தெரியாது. தார்ச் சாலையும் மேடு பள்ளமும் வந்து, வெயிலும் ஏறிய பிறகு, அந்த வேகத்துக்கான பில் வரும். முழு வலி அடுத்த இரண்டு நாளில் மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

கைதட்ட ஆள் இல்லாத தூரம்

பெருநகர மாரத்தானில் வழிநெடுக மேளம், பாட்டு, கைதட்டல் இருக்கும். சின்ன ஊரின் பாலைவனப் பாதையில், பல கிலோமீட்டர்களுக்கு உங்கள் ஷூ சத்தம் மட்டும்தான் கேட்கும். இரண்டு பக்கமும் கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள்தான் பார்வையாளர்கள். ஒரு கை முளைக்கவே பல சமயம் 50 வருடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் செடி அது. பலருக்கு இந்த அமைதிதான் இங்கே வரக் காரணம். சிலருக்கு இதுவே கஷ்டம். கூட்டம் இல்லாத இடத்தில், நீங்கள் தடுமாறுவதைக் கவனிக்கவும் ஆள் குறைவு. தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் தன்னார்வலர் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பது வெறும் மரியாதைக்கு இல்லை. நீங்கள் தெளிவாகப் பதில் சொல்கிறீர்களா என்று பார்ப்பதற்கும்தான். ஒரு வார்த்தை பேசிவிட்டு ஓடுங்கள்.

நீங்க போறதா இருந்தா...

அரிசோனாவோ, ராஜஸ்தானின் தார் பாலைவனமோ, விதிகள் ஒன்றுதான்.

வியர்வைக் கணக்கு: ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 65 கிலோ இருந்தது 64.2 ஆகி, நடுவில் 200 மில்லி குடித்திருந்தால், நீங்கள் இழந்தது சுமார் 1 லிட்டர். இந்த அளவுக்கு மேல் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சென்னைக் கணக்கு பாலைவனத்துக்குப் பொருந்தாது. முடிந்தால் இரண்டு நாள் முன்பே போய், அங்கே ஒருமுறை ஓடி எடை பாருங்கள்.

தாகம்: எடுத்தால் தள்ளிப்போடாமல் குடியுங்கள். எடுக்காதபோது பயத்தில் குடிக்காதீர்கள். ஓட்டம் முடியும்போது, தொடங்கிய எடையைவிடக் கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால் தப்பு.

உப்பு: ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிப்பதால் அளவில்லாமல் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

வேகம்: முதல் 10 கிலோமீட்டரில் 'இன்னும் வேகமா போலாமே' என்று தோன்றும் அளவுக்கே ஓடுங்கள்.

தோல்: 15 டிகிரி குளிரிலும் புற ஊதாக் கதிர் குறையாது. சன்ஸ்கிரீன், தொப்பி, கூலிங் கிளாஸ், உதட்டுக்கு வாஸ்லின் எல்லாம் கட்டாயம்.

முடித்த பிறகு: மெடலோடு போட்டோ எடுத்து முடித்ததும் உடம்பு சட்டென்று குளிரும். காய்ந்த சட்டை ஒன்றைப் பையில் தயாராக வைத்திருங்கள். நண்பர் யாராவது பேச்சு குழறி, கை வீங்கி நின்றால் தண்ணீர் பாட்டிலைத் தேடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.