நாய்க்குட்டிக்கும் உண்டு அரியர்!

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் மாணவன்)

ஆண்டு மலரில் எல்லோரும் ரோபோ, சூரிய சக்தி, ராக்கெட் என்று எழுதும்போது, 'இவன் மட்டும் நாய்க்குட்டி மூத்திரத்தைப் பற்றி எழுத வந்துட்டானே' என்று சிரிக்காதீர்கள். இதுவும் ஒரு பழுது பார்க்கும் விஷயம்தான். பழுது பார்ப்பதைத்தானே நாம் மூன்று வருடம் படிக்கிறோம்?

எங்கள் வீடு பள்ளிபாளையம் பக்கம். முன்புறம் நான்கு விசைத்தறிகள், பின்புறம் ஒரு சமையல் கட்டு, இடையில் நாங்கள். கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். அப்பா தறி ஓட்டுவார், அம்மா தார் சுற்றுவாங்க. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்தன்தான். அதனால் ரேஷன் கார்டு திருத்துவதில் இருந்து மோட்டார் புகைவது வரை எல்லாவற்றுக்கும், "படிச்சவன்தானே, நீயே பாரு சாமி" என்பார்கள்.

அப்படித்தான் மணியும் என் தலையில் விழுந்தான். பக்கத்துப் பட்டறையில் கழிவு நூல் சாக்கின் மேல் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. என் தங்கை தூக்கி வந்தாள். இரண்டு மாதக் குட்டியை மூன்று வாரம் பழக்கினோம். வாசலைத் தாண்டி வேப்ப மரத்தடிக்குப் போய் இருந்துவிட்டு வரும் அளவுக்குத் தேறிவிட்டான். தெருவே பாராட்டியது!

மூன்றரை மாதம் ஆனபோது திடீரென்று எல்லாம் மறந்துபோயிற்று. சமையல் கட்டில் ஒரு நாள், கட்டில் காலடியில் ஒரு நாள். கடைசியில், அறுத்து மடித்து வைத்திருந்த துணி மேலேயே போய்விட்டான். அந்தத் துணியை 'டேமேஜ்' என்று ஒதுக்கிக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் உழைப்பு போயிற்று. அப்பா கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தடவை ஆச்சுன்னா, சாக்குல போட்டுக் காவிரிப் பாலத்துக்கு அந்தாண்ட உட்டுட்டு வந்துரு."

தங்கை அழுதாள். எனக்கு ஒரு வாரம் தவணை கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில் படித்தது, கேட்டது, பார்த்தது எல்லாம்தான் இந்தக் கட்டுரை.

வால்வு இன்னும் செட் ஆகலை!

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவே தெரியாது. முதல் மூன்று வாரம் தாய் நாய் நக்கிவிட்டால்தான் போகும். அப்புறம்தான் தானாகப் போக ஆரம்பிக்கும். ஆனால் போவது வேறு, அடக்குவது வேறு. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை ஒரு வால்வு மாதிரி. அது முழுக் கட்டுப்பாட்டுக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சில குட்டிகளுக்கு இன்னும் கூட ஆகும்.

தோராயமாக ஒரு கணக்கு சொல்வார்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று வரும். மூன்று மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் நான்கு மணி நேரம். இது கடைசி எல்லை, நண்பர்களே! பாய்லருக்கு அதிகபட்ச அழுத்தம் எழுதியிருக்கிறது என்பதற்காகத் தினமும் அதில் ஓட்டுவோமா? விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப் போவதுதான் பத்திரம். ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, நம் தெரு மணியோ, எல்லாக் குட்டிக்கும் இதே கதைதான். சின்ன ஜாதி நாய்களுக்குப் பையும் சின்னது, இன்னும் சீக்கிரம் நிறையும்.

ஆக, மூன்று வாரம் ஒழுங்காக இருந்தது என்றால் குட்டி பாஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. யூனிட் டெஸ்ட்டில் மார்க் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். செமஸ்டர் இன்னும் பாக்கி.

அடித்தால் என்ன கற்றுக்கொள்ளும்?

எங்கள் தெருவில் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். 'மூக்கை அதிலேயே தேய்ச்சு ஒரு அடி வை.' உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு தடவை அடித்தேன். அதன்பிறகு மணி என் கண் எதிரே போவதை நிறுத்திவிட்டான். கட்டிலுக்கு அடியில், பாவு பீமுக்குப் பின்னால் என்று ஒளிந்து போக ஆரம்பித்தான். 'வீட்டுக்குள் போகக் கூடாது' என்று அவன் படிக்கவில்லை. 'இவன் பார்க்கும்போது போகக் கூடாது' என்றுதான் படித்தான். அதைவிடக் கொடுமை, வெளியே மரத்தடியில் நான் நின்றாலும் போக மாட்டேன் என்றான்.

'தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது பாரு, காதை மடக்கிக்கிட்டு முழிக்குது' என்பார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் இதையே சோதித்து வெளியிட்டார். 'தின்னக் கூடாது' என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரரை வெளியே அனுப்புவார்கள். திரும்பி வந்ததும், நாய் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில சமயம் சொல்வது பொய். தப்பே செய்யாத நாயும், திட்டு வாங்கியதும் அந்தக் 'குற்றவாளி முழி' முழித்தது. அது குற்ற உணர்ச்சி இல்லை. நம் குரலைப் பார்த்த பயம்.

அதோடு நேரக் கணக்கும் முக்கியம். பாராட்டோ கண்டிப்போ, செயல் நடந்த ஓரிரு விநாடிக்குள் வந்தால்தான் நாய் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும். பத்து நிமிடம் கழித்து வந்து அடித்தால், 'இவர் உள்ளே வந்தால் அடிப்பார்' என்பது மட்டும்தான் பதியும்.

அப்சர்வேஷன் நோட்டு

அடுத்து நான் செய்தது நம் லேப் பழக்கம். பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மூன்றே பத்தி. தங்கையும் அம்மாவும் சொல்லச் சொல்ல எழுதினேன்.

நான்கு நாளில் பதில் வந்துவிட்டது. பாதிக்கு மேல் நடந்தது மாலை ஆறு மணியில் இருந்து எட்டுக்குள். அந்த நேரத்தில் நான் கல்லூரியில் இருந்து இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பேன். அம்மா அடுப்படியில், தங்கை டியூஷனில். முன்பு ஐந்தரைக்கு ஒரு தடவை மணியை வெளியே விடுவது அப்பா. ஆர்டர் நெருக்கியதால் அந்த மாதம் அவர் இரவுத் தறிக்கு மாறி, அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். குட்டி மாறவில்லை நண்பர்களே, எங்கள் டைம் டேபிள்தான் மாறியிருந்தது!

பழுது எங்கே இருக்கும்?

உங்கள் வீட்டுக் குட்டியும் இப்படிப் பின்வாங்கினால், கீழே உள்ளதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

1. நேரம். தூங்கி எழுந்ததும், தின்ற ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், கண்டிப்பாகப் போகும். இதில் எது தவறுகிறது என்று பாருங்கள்.

2. வாசனை. சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்து அமோனியா ஆகும். நமக்கு வாடை போய்விட்டாலும் நாய் மூக்குக்கு அங்கே போர்டு எழுதி மாட்டிய மாதிரி. அமோனியா கலந்த கிளீனர் போட்டால் போர்டு இன்னும் பெரிதாகும். சோப்புத் தண்ணீரால் கழுவி, வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். இதற்கென்றே என்சைம் கலந்த திரவமும் கடைகளில் கிடைக்கிறது. பிளீச்சிங் பவுடரை ஈரத்தின் மேல் நேராகக் கொட்டாதீர்கள். குளோரினும் அமோனியாவும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

3. தரை. குட்டி எந்த மாதிரித் தரையில் போய்ப் பழகியதோ அதையே தேடும். மணி பிறந்தது சாக்கின் மேல், நூலின் மேல். காலுக்கு மெத்தென்று பட்டால் அவனுக்கு அதுதான் கக்கூஸ்! துணி மேல் போனதன் ரகசியம் இதுதான்.

4. மழையும் வெடியும். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் கால் வைக்கப் பல குட்டிகள் மறுக்கும். தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்த குட்டி வெளியே போவதையே நிறுத்திவிடும். ஒரு ஓலைத் தடுப்போ தகரக் கூரையோ உள்ள மூலையைப் பழக்கி வையுங்கள்.

5. சீக்கிரம் கொடுத்த சுதந்திரம். இரண்டு வாரம் நன்றாக இருந்ததும் வீடு முழுக்க அவிழ்த்து விடுகிறோம். ஒரு அறையில் படித்த பாடம் அடுத்த அறையில் அதற்குத் தெரியாது.

6. பயமும் சந்தோஷமும். ஆளைப் பார்த்ததும் குனிந்து ஒழுக விட்டால் அது பழக்கக் குறை அல்ல. திட்டினால் அதிகமாகும். கண்டுகொள்ளாமல் விட்டால் வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

7. நோய். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது, தண்ணீரை மிக அதிகமாகக் குடிப்பது - இவை இருந்தால் பழக்கம், பாடம் எல்லாம் அப்புறம். முதலில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் நாய்க்கும் பார்ப்பார்கள். நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்குப் பக்கம்தான். வயிற்றுப்போக்கோடு வாந்தியும் சேர்ந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம், ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்க வேண்டும். வரிசை முடியும் வரை தெரு நாய்கள் போகும் இடத்தில் விடாமல் சொந்த வாசலிலேயே பழக்குங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறக்காதீர்கள்.

மறுபடி முதல் பாடம்

பழுதைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குட்டியை இரண்டு மாதக் குட்டியாகவே நினைத்துக்கொண்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். துணியையும் சாக்கையும் பரண் மேல் ஏற்றினோம். யாரும் பார்க்க முடியாத நேரத்தில் மணியைத் திண்ணை ஓரம் நீளமான கயிற்றில், நிழலும் தண்ணீருமாகக் கட்டினோம். வெளியே கூட்டிப் போனால் ஒரே மரத்தடி, ஒரே வார்த்தை: "போ மணி." அவன் முடிக்கும் வரை பேசாமல் நிற்க வேண்டும். முடித்த அந்த விநாடியே ஒரு துண்டு பொரை, ஒரு தட்டிக்கொடுப்பு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொள்வான். முடித்ததும் உடனே உள்ளே இழுத்து வராமல் இரண்டு நிமிடம் விளையாட விட்டோம். இல்லாவிட்டால், 'போனால் ஆட்டம் முடிந்தது' என்று அடக்கி வைக்கப் பழகும்.

உள்ளே போவதை நேரில் பார்த்தால் கத்தாமல் ஒரு தடவை கை தட்டி, தூக்கிக்கொண்டு வெளியே போனோம். ஏற்கெனவே போய்விட்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டு, நோட்டில் எழுதினோம். இரவில் சாப்பாடு எட்டு மணிக்குள். ஆனால் தண்ணீரைப் பகலில் குறைக்கவே கூடாது, நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து.

பாக்கி இருந்தது அந்த ஐந்தரை மணி ஒன்றுதான். தயங்கித் தயங்கி நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கட்டத்தில் மாலை நேரத்தில் மட்டும் நெருக்கமாக இருந்த சிவப்புப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நான் தூங்கற நேரமல்லோ?" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, வேப்ப மரத்தடியில் அப்பா தூக்கக் கண்ணோடு நின்றுகொண்டிருந்தார். கையில் பொரைத் துண்டு. என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சொன்னார்: "பாவு அறுந்தா தறியவா அடிக்கறோம்? எந்த இழை அறுந்துதுன்னுதானே தேடறோம்."

அதன்பின் மூன்று வாரத்தில் இரண்டே தடவை. இப்போது மணிக்கு ஏழு மாதம். வளரும் பருவத்து ஆண் நாய் காலைத் தூக்கி அடையாளம் வைக்க ஆரம்பிக்கும் வயது, இன்னொரு அரியர் வரலாம்! வந்தால் நோட்டு தயாராக இருக்கிறது.

நண்பர்களே! காவிரிப் பாலங்களின் இரு பக்கமும், ஏரிக்கரையிலும், பை-பாஸ் ஓரத்திலும் சுற்றும் குட்டிகளைப் பாருங்கள். அதில் எத்தனையோ இப்படி ஒரு ஈரத்துக்காகச் சாக்கில் வந்தவையாக இருக்கும். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். முதல் செமஸ்டரில் எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தபோது, எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பாலம் தாண்டி விட்டுவிட்டு வரவில்லை. எங்கே பிசகியது என்று பார்த்து மறுபடி எழுதச் சொன்னார்கள். எழுதினேன், தேறினேன்.

அந்த ஒரு சந்தர்ப்பத்தை நம் வாசல் குட்டிக்கும் கொடுப்போமே!