காசும் பசுவும் தொல்காப்பியமும்

தமிழ் இலக்கணத்தை முறையாகக் கற்றவனல்லன் நான். மும்பையில் கணக்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1979-இல் ஊருக்குப் போயிருந்தபோது தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு வாங்கி வந்தேன். செம்பூரிலிருந்து வி.டி.க்குப் போகும் (அன்றைக்கு அதுதான் பெயர்) ஹார்பர் லைன் ரயிலில், உட்கார இடம் கிடைத்த நாட்களில் படிப்பேன். அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை இருந்திருக்கும் என்று மும்பைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று என்றுதான் நூல் தொடங்குகிறது. அந்த மூன்றில் ஒன்று குற்றியலுகரம். பள்ளியில் எல்லோரும் உருப்போட்டதுதான். காசு என்பதில் வரும் உகரத்துக்கு அரை மாத்திரை, அது குற்றியலுகரம். பசு என்பதில் ஒரு மாத்திரை; அது முற்றியலுகரம். தனிக்குறிலை அடுத்து வந்தால் குறையாது, மற்ற இடங்களில் வல்லினத்தின்மேல் ஏறிச் சொல்லின் கடைசியில் நின்றால் குறையும். விதி தெரியும். ஆனால் எழுதுவது இரண்டிலும் ஒரே 'சு' தானே! அரை மாத்திரையை யார் அளந்து பார்த்தார்கள்?

இதைவிடப் பெரிய முடிச்சு புணரியலில் இருந்தது. மெய்யில் முடியும் சொற்கள் புள்ளியோடு நிற்கும் என்று சொன்ன தொல்காப்பியர், அடுத்த நூற்பாவில் குற்றியலுகரமும் அப்படித்தான் என்கிறார். உயிரில் முடிகிற சொல் எப்படி மெய்யில் முடிகிற சொல்லைப் போல ஆகும்? இந்த இடத்துக்குப் பொருள் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. பழைய எழுத்தில் குற்றியலுகரத்தின் மேலும் புள்ளி இட்டார்கள் என்று கொள்பவர்களும் உண்டு. எனக்கு அது போதவில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது.

என் மருமகள் மராத்திக்காரி. கல்யாணமான புதிதில் என்னிடம் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "மாமா, பசுன்னு சொல்றப்போ உங்க உதடு குவியுது. காசுன்னு சொல்றப்போ குவியலையே, ஏன்?"

கண்ணாடி முன்னால் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உகரம் இதழ் குவிந்து பிறக்கும் என்று பிறப்பியலே சொல்கிறது. காசில் இதழ் குவியவில்லை என்றால், அங்கே இருப்பது முழு உகரம் அன்று. 'ச்' என்று நிறுத்த முடியாமல் நாம் கொடுக்கிற ஒரு சிறு தாங்கல். அறுபது வயது வரை தமிழ் பேசியவனுக்கு இது காதில் விழவில்லை. வெளியிலிருந்து வந்தவளுக்கு விழுந்தது.

அன்று இரவே கேள்விக்குறி போட்ட பக்கத்தை எடுத்தேன். பால் இல்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாலில்லை. காசு இல்லை என்பது காசில்லை. பசு இல்லை என்பதோ பசுவில்லை. பசுவின் உகரம் போகாது. அடுத்த உயிரோடு சேர நடுவில் ஒரு வகரம் வேண்டும். காசின் உகரம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. மிஞ்சுகிற 'ச்', பாலின் 'ல்' போலவே, வருகிற உயிரை நேராக ஏற்றுக்கொள்கிறது. "குற்றியலுகரமும் அப்படித்தான்" என்றது இதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வாசலில் பால்காரரிடமும் கடன் கேட்பவரிடமும் தினமும் சொல்கிற இரண்டு சொற்களில் இருந்ததை ரயிலில் தேடியிருக்கிறேன்!

இதில் ஒரு கவலையும் உண்டு. இங்கே பிறந்து, எழுத்தைப் பார்த்துத் தமிழ் கற்கும் நம் பிள்ளைகள் 'காசூ' என்றே படிக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, எழுத்து வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது ஆளுக்கொரு சிறு கண்ணாடி கொடுத்துவிடுகிறேன்.

எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் கடைசி இயல் முழுவதும் இந்த ஓர் ஒலிக்காகவே எழுதப்பட்டது. அதில்தான் இப்போது இருக்கிறேன். போன வாரம் மருமகள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்: "காசைன்னு சொல்றோம், மாடைன்னு ஏன் சொல்றதில்லை? மாட்டைன்னு ஒரு 'ட்' எங்கேருந்து மாமா வருது?"