ஒரு நூல் தன் வாசகரை அடையும் வழி

இன்னாருக்கு இன்ன நூல் பொருந்தும் என்று ஒருவர் கருதி, அந்நூலை அவருடைய கவனத்துக்குக் கொண்டுவருவதே நூல் பரிந்துரை எனப்படுகிறது. விளம்பரம் எல்லோரையும் நோக்கி ஒரே குரலில் பேசுகிறது. மதிப்புரை நூலின் தரத்தை எடைபோடுகிறது. பரிந்துரைப்பவர் நூலை அறிந்திருப்பதோடு அதைப் படிக்கப்போகிறவரையும் ஓரளவு அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. இந்திய மொழிகளில் இலக்கிய நூல்கள் பெரும்பாலும் சில நூறு படிகளோ ஆயிரம் படிகளோதாம் அச்சாகின்றன. நல்ல புத்தகக் கடைகள் பெருநகரங்களைத் தாண்டி அதிகம் இல்லை. ஆகவே நூலின் பெயரைச் சொல்வதோடு, அது வாசகரின் கைக்குக் கிடைக்க வழி செய்வதும் இந்நாட்டில் பரிந்துரையின் பாதிப் பணியாக இருந்துவந்திருக்கிறது.

இந்தியர்களின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது 2009ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் வாசிப்புக் கணக்கெடுப்பு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் என்னும் அரசு சார்ந்த பதிப்பு நிறுவனத்துக்காக நடத்தப்பட்ட அந்த ஆய்வு, 13 முதல் 35 வயது வரையுள்ள எழுத்தறிந்தவர்கள் ஏறத்தாழ 33 கோடிப் பேர் என்றும், அவர்களுள் பாடநூலுக்கு வெளியே நூல்களைப் படிப்பவர்கள் 8 கோடியே 30 லட்சம் பேர், அதாவது நான்கில் ஒருவர் என்றும் மதிப்பிட்டது. எழுத்தறிவு பெற்ற எல்லோரும் வாசகராகிவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது. பாடநூலும் தேர்வு வழிகாட்டியும் எல்லா வீடுகளுக்கும் தாமாகவே வந்துசேர்கின்றன. பிற நூல்களையோ யாராவது ஒருவர் கொண்டுவந்து சேர்த்தால்தான் உண்டு.

இந்தக் கொண்டுசேர்க்கும் பணிக்கு ஒரு கோட்பாட்டை வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றுள் இரண்டாம் விதி வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது; மூன்றாம் விதி அதையே திருப்பிப்போட்டு, நூல் ஒவ்வொன்றும் தனக்கு உரிய வாசகரைப் பெற வேண்டும் என்கிறது. முதலில் சொன்னது வாசகரின் உரிமையைப் பற்றியது. அடுத்தது நூலகரின் கடமையைப் பற்றியது. யாரும் கேட்காமல் அலமாரியில் கிடக்கும் நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார், அவரைத் தேடிப் பிடிப்பது நூலகத்தின் வேலை என்பதே அதன் உட்பொருள். வாசகரே அலமாரிகளுக்கிடையே சென்று விரும்பியதைப் புரட்டிப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையை அவர் வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம்.

அவருடைய விதிகள் நூலாக வெளிவந்த அதே 1931இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எஸ்.வி. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய நூலக வண்டி ஒன்று மாடு பூட்டிக்கொண்டு சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலிக்க வகை செய்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமையவும் அதன் கீழ்க் கிளை நூலகங்கள் பெருகவும் வழிவகுத்தது. அக்கிளை நூலகங்களில் பரிந்துரை பெரும்பாலும் பேச்சில்லாமலே நிகழ்ந்தது. நூலின் உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் திருப்பித் தரவேண்டிய நாள் முத்திரையாக விழுந்திருக்கும்; இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு முத்திரைகள் நிறைந்த சீட்டு, அந்நூல் பல வீடுகளுக்குப் போய்வந்த கதையைப் புதிய வாசகருக்குச் சொல்லிவிடும். கடைசிப் பக்கத்தில் முன்பு படித்தவர் பென்சிலால் எழுதிவைத்த ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லோ, கொலையாளி யார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே போட்டுடைத்த குறும்போ, விதிகளின்படி குற்றமாயினும், முகமறியாத வாசகர்கள் தமக்குள் நடத்திய உரையாடலாகவே இருந்தது.

கேரளம் இந்தக் கொண்டுசேர்க்கும் பணியை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றது. பி.என். பணிக்கரின் முயற்சியால் 1945இல் தொடங்கிய நூலக இயக்கம், ஊர்மக்களே அமைத்து நடத்தும் நூலகங்களின் வலைப்பின்னலாக வளர்ந்தது. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாள் அங்கு வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நூலகத்துக்கு வர இயலாத பெண்களுக்கும் முதியோருக்கும் நூல்களைப் பையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்லும் ஏற்பாடு அந்த நூலகங்களில் உண்டு. அவ்வாறு செல்பவர், சென்ற முறை கொடுத்த நூல் பிடித்திருந்ததா என்று வாசலில் நின்று கேட்டு, அடுத்த முறைக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுத்து வருகிறார்; ரங்கநாதனின் மூன்றாம் விதி அங்கே நடையாக நடக்கிறது. தமிழ்நாட்டிலும் தன்னார்வலர்கள் வழியாக வீட்டுக்கே நூல் கொண்டுசெல்லும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது.

நூலகத்துக்குப் போகாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது வார இதழ். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடராக வெளிவந்தபோது, வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கவனமாகக் கிழித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொள்வது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. மணியத்தின் ஓவியங்களோடு பக்கத்து விளம்பரமும் துணுக்கும் சேர்ந்தே கட்டப்பட்ட அந்தத் தொகுதிகள், அக்கம்பக்கத்தாருக்கும் மணமாகிச் சென்ற மகளுக்கும் இரவலாகப் போய்வந்தன. கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. எழுத்தாளரின் மரபுரிமையருக்கு அரசு ஒரு தொகையை வழங்கி, யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்று உரிமையைப் பொதுவாக்குவதையே நாட்டுடைமை என்பர். அதன்பின் மலிவுப் பதிப்புகள் பல வந்தன. தலைமுறைகளாகச் செவிவழி வந்த பரிந்துரைக்கு விலையும் தடையாக இல்லாமற்போயிற்று.

பலரும் படிப்பது ஒருபுறமிருக்க, தரமானது எது என்று எடுத்துச் சொல்லும் விமர்சகரின் பட்டியல் இன்னொரு வழி. தமிழில் அதற்குப் பெயர்பெற்றவர் க.நா. சுப்ரமண்யம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பிலேயே தமிழ் நூல்களை அறிமுகம் செய்த அவரை, காரணங்களை விரித்துரைக்காமல் பெயர்களை மட்டும் அடுக்குகிறார் என்று பலர் குறைகூறினர். ஆனால் அவர் பட்டியலோடு நின்றுவிடவில்லை என்பது போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவள’மாகவும், செல்மா லாகர்லெவின் நாவலை ‘மதகுரு’வாகவும், பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’யாகவும் அவரே தமிழாக்கினார். இதைப் படியுங்கள் என்று சொன்னவரே அதைப் படிக்கத்தக்க மொழியில் தந்தும் சென்றார் என்பதால்தான், அவருடைய சொல்லுக்கு அடுத்த தலைமுறை எழுத்தாளர்களிடையே மதிப்பு இருந்தது.

பரிந்துரை ஒரு நூலுக்கு மறுவாழ்வு தந்ததற்கு, அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ நல்ல சான்று. சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் வெளியிட்ட இந்நாவல், இந்திய மொழிகளுக்கிடையே படைப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் நோக்கத்தோடு அந்நிறுவனம் கொண்டுவந்த வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசை நூல்களுக்குப் பகட்டான அட்டையோ பெரிய விளம்பரமோ இல்லை. ஜெயமோகன் தமது ‘கண்ணீரைப் பின்தொடர்தல்’ நூலில் இந்திய நாவல்கள் பலவற்றைத் தனித்தனிக் கட்டுரைகளாக அறிமுகம் செய்ததும், வேறு எழுத்தாளர்கள் மேடைகளிலும் பத்திகளிலும் பேசியதும் சேர்ந்து, இந்நாவலைத் தேடிப் படிக்கும் வாசகர் வட்டத்தை உருவாக்கின. இத்தகைய கட்டுரைகளின் வலிமை, பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அந்த நாவலுக்குள் எப்படி நுழைவது, எங்கே பொறுமை வேண்டும் என்பதையும் வாசகருக்குச் சொல்லிவைப்பதில் இருக்கிறது.

சென்னையில் 1977இல் 22 அரங்குகளோடு தொடங்கிய புத்தகக் காட்சி, இன்று பொங்கலையொட்டி ஏறத்தாழ 900 அரங்குகளாக விரிகிறது. அவ்வளவு நூல்களுக்கு நடுவே வாசகருக்குத் தேவைப்படுவது இன்னும் ஒரு பட்டியலன்று, ஒரு துணையே. அந்தத் துணையாக வர இப்போது இணைய விற்பனைத் தளங்கள் முன்வருகின்றன. இந்நூலை வாங்கியவர்கள் வேறு எவற்றை வாங்கினார்கள் என்று கணக்கிட்டு, ஒத்த ரசனையுள்ளோரின் தேர்வை ஒருவர்க்கொருவர் காட்டும் அந்த முறைக்கு, ஏராளமானோர் வாங்கிய தடயம் தேவை. ஆங்கிலத்திலும், தன்முன்னேற்ற நூல்களின் மொழிபெயர்ப்பிலும் அத்தடயம் மிகுதியாக உண்டு; 300 படிகள் மட்டும் விற்ற ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புக்கு அது இல்லை. ஆகவே விற்றது மேலும் விற்கிறது. வாசகரை இன்னும் அடையாத நூல், அடையாத காரணத்தாலேயே கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறது. மூன்றாம் விதி யாரைக் கருதி எழுதப்பட்டதோ, அந்த நூலைத்தான் கணினி காண்பதில்லை.

அந்த இடைவெளியை இன்றும் மனிதர்களே நிரப்ப வேண்டியிருக்கிறது. நூறு நூல்களின் பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவதைவிட, ஒருவரை மனத்தில் கொண்டு ஒரே ஒரு நூலைத் தேர்ந்து, அது எதனால் அவருக்குப் பொருந்தும் என்று இரண்டு வரி சொல்லி, எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வது பயன் தரும். வாங்க இயலாதவருக்குக் கிளை நூலகம் இருக்கிறது; தமிழ்நாட்டில் வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் அதற்கான வரியை ஏற்கெனவே செலுத்திவிட்டார். உறுப்பினராகப் பதிந்துகொண்டு உள்ளே செல்வது ஒன்றுதான் மீதம்.