பூட்டிய கணினியா, நாமே பூட்டுவதா?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்பதால், கணினி வாங்கும் பேச்சு வந்தால் உறவினர்கள் என்னையும் கேட்பார்கள். அண்மைக்காலமாக அந்தக் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "தம்பி கேம் விளையாடக்கூடிய கொம்பியூட்டர் கேட்கிறான். பாகங்களை வாங்கித் தானே பூட்டினால் இலாபம் என்கிறான். உண்மையா மகள்?"

இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு விடயம் மட்டுமல்ல. கேம் ஓடும் கணினியில் இருக்கும் அதே கிராபிக்ஸ் அட்டைதான் வீடியோ தொகுப்பதற்கும், கட்டட வடிவமைப்புக்கும், முப்பரிமாணப் படங்கள் ஆக்குவதற்கும் வேண்டும். நாளை நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். அதனால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நாமே பூட்டுவது பெரிய வித்தை அல்ல. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியைப் பல நிறுவனங்களின் பாகங்களைக் கொண்டு உருவாக்கியது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது. தாய்ப்பலகையில் திருகாணித் துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்வழங்கியின் அளவு என்ன என்பவை அதில் வரையறுக்கப்பட்டன. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இன்னொரு நிறுவனத்தின் தாய்ப்பலகை பொருந்துகிறது. ஈயம் உருக்கி ஒட்ட வேண்டியதில்லை. ஒரு திருப்புளியும் பொறுமையும் போதும். ஆகவே "பிள்ளையால் முடியுமா" என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல.

இலாபம் என்பதும் ஓரளவு உண்மை. பூட்டுக்கூலி மிஞ்சும், ஒவ்வொரு பாகத்தையும் நாமே தெரிவு செய்யலாம். ஆனால் அந்த இலாபம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2021இல் உலகெங்கும் கிராபிக்ஸ் அட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. மெய்நிகர் நாணயம் தோண்டுவோரும் அவற்றை வாங்கிக் குவித்தார்கள். அட்டை தனியாகக் கிடைக்காததால், அது பூட்டப்பட்ட முழுக் கணினியையே வாங்கியவர்கள் வெளிநாடுகளில் பலர். நம் நாட்டிலோ 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவையும் தாண்டியது. எனவே யாரோ சென்ற ஆண்டு சொன்ன கணக்கை நம்பாமல், இரண்டு விலைகளையும் ஒரே நாளில் விசாரித்து ஒப்பிட வேண்டும்.

என் கருத்தில், மலையகத்தில் வாழும் நமக்கு விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. அது பழுது.

பொத்தானை அழுத்துகிறோம், மின்விசிறி சுற்றுகிறது, திரையில் படம் வரவில்லை. குற்றம் ராமிலா, மின்வழங்கியிலா, தாய்ப்பலகையிலா, கிராபிக்ஸ் அட்டையிலா? நல்ல பாகம் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே கண்டுபிடிக்கும் வழி. கடையில் மாற்றுப் பாகங்கள் இருக்கும். நம் வீட்டில் எல்லாம் ஒவ்வொன்றுதான். பாகங்களை நான்கு கடைகளில் வாங்கியிருந்தால் நான்கு பற்றுச்சீட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கடைக்காரரும் "எங்கள் சாமான் நல்லது, மற்றதைப் பாருங்கள்" என்று சொல்ல இடமுண்டு.

கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய சிரமமல்ல. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ போனால் ஒரு நாள் கழிந்துவிடும். கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு நாள் வியாபாரம். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 3 இலட்சம் ரூபாக் கணினி ஒன்றை அந்தக் கணக்கில் பார்த்தால் 222 நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்குப் பதில்சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

குறையுள்ள பொருளைக் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. வாங்கிய பின் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை பிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று பேசுகின்றன. அந்த உரிமையைக் கேட்க, விற்றவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒரே கடை, ஒரே பற்றுச்சீட்டு என்றால் அது தெளிவாகிவிடும். பூட்டிய கணினியை நான் சிபாரிசு செய்யும் காரணம் இதுதான்.

ஆனால் பூட்டிய கணினியிலும் இரண்டு வகை உண்டு. பெரிய நிறுவனங்கள் தம் பெயரில் விற்பவை ஒரு வகை. இவற்றில் சில, அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் செய்த தாய்ப்பலகையும் மின்வழங்கியும் கொண்டவை. பின்னாளில் வெளியில் வாங்கிய பாகம் பொருந்தாமல் போகலாம். மற்றது, பொதுவான பாகங்களைக் கடையே பூட்டி, சோதித்து, மொத்தமாக உத்தரவாதம் தருவது. நமக்கு இந்த இரண்டாவது வகையே ஏற்றது என்பேன்.

விளம்பரத்தில் "கோர் ஐ7, 16 ஜி.பி., 1 டி.பி." என்று மட்டும் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2011இல் வந்ததும் ஐ7தான், 2021இல் வந்ததும் ஐ7தான். இரண்டுக்கும் இடையே பத்துத் தலைமுறைகள் இருக்கின்றன. வண்ண விளக்குப் பூட்டிய புதுப் பெட்டிக்குள் பழைய அலுவலகக் கணினியும் இருக்கலாம். செயலியின் முழு இலக்கம், தாய்ப்பலகை, கிராபிக்ஸ் அட்டை, மின்வழங்கி ஆகியவற்றின் பெயர்கள், ஒவ்வொன்றும் புதியதா பழையதா என்பது எல்லாம் பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். விலையைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது மின்வழங்கியில்தான். 16 ஜி.பி. ராம் ஒரே துண்டாக இல்லாமல் 8 ஜி.பி. வீதம் இரண்டாக இருந்தால் வேகம் கூடும்.

உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். ஓராண்டு என்பதை 350 நாட்கள் என்று அச்சிடும் கடைகள் உண்டு. மின்னல் தாக்கம், எரிந்த அடையாளம், துரு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்றும் பல பற்றுச்சீட்டுகளில் இருக்கும். பனிமூட்டமும் ஏப்ரல், ஒக்டோபர் மாதத்து இடிமின்னலும் பழகிய நமக்கு இது பெரிய விடயம். ஆகவே புவித்தொடுப்பு சரியாக உள்ள மின்குதை வேண்டும். இடி முழங்கும்போது இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். யு.பி.எஸ். வாங்கும்போது 650 வி.ஏ. என்பது 650 வாட் அல்ல, அதைவிடக் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

கொழும்பிலிருந்து அனுப்பும் கணினி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வளைவுகளையெல்லாம் கடந்து வருகிறது. பாரமான கிராபிக்ஸ் அட்டை குலுங்கி இடம்பெயரலாம். பெட்டிக்குள் மெத்தை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இயக்குமுன் அதை எடுத்துவிடுங்கள். குளிரில் வந்த பெட்டியை உடனே இயக்காமல், ஈரம் உலர சில மணிநேரம் அறையில் வைத்திருங்கள். திரையின் கேபிளைத் தாய்ப்பலகையில் அல்ல, கிராபிக்ஸ் அட்டையில் செருகுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய அட்டை வேலை செய்யாமலே இருக்கும்.

கடை கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பூட்டிப் பழகும் ஆசையுள்ள பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். பழைய அலுவலகக் கணினி ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கிக் கொடுங்கள். கழற்றட்டும், பூட்டட்டும், பிழைவிட்டுத் திருத்தட்டும். அது கல்விக்கான செலவு. வீட்டின் பெரிய சேமிப்பில் வாங்கும் கணினியை மட்டும், "பழுதானால் யாரிடம் கொண்டுவருவது, எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள், அதுவரை போக்குவரத்துச் செலவு யாருடையது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு வாங்குங்கள்.